கவிழ்த்த குடையும் கழன்ற கைப்பிடியும்

அத்தியாயம் 6

கதவு சாத்திக்கொண்ட விதமே எனக்குப் பிடிக்கவில்லை. ஊர் உலகத்துக் கதவு மாதிரி ‘டப்’பென்று சாத்தாமல், சாப்பிட்டு முடித்த பெரிய மனிதர் பெருமூச்சு விடுவதுபோல் ‘உஸ்’ஸென்று மூடிக்கொண்டது.

“ரப்பர் வச்ச கதவுங்க,” என்றார் ஏசி மெக்கானிக், கருவிப் பையைக் கீழே வைத்தபடி. “இது திறந்து கிடந்தா ஏசி ஓடியும் பிரயோஜனம் இல்ல. அதான் சாத்திட்டேன்.”

“சாத்தினது சரிண்ணே. திறக்குமா?”

விளையாட்டாகத்தான் கேட்டேன். என் வாய்க்கு அப்படி ஒரு ராசி. அவர் கைப்பிடியைத் திருகினார். கைப்பிடி பம்பரம் மாதிரி சுற்றியது. கதவு இருந்த இடத்திலேயே இருந்தது.

“ஐயையோ! உள்ள இருக்கிற கம்பி உடைஞ்சு போச்சு போலிருக்கே!”

என் முதலாளி மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். நான் ‘பாஸ்’ என்று கூப்பிடுகிற இந்தப் பெண்மணிக்கு வயது ஐம்பதுக்கு மேல். ஊரில் பாதித் திருடர்களின் தூக்கத்தைக் கெடுத்தவர். காப்பி, டீ எதையும் தொட மாட்டார், வெந்நீர் மட்டும்தான். அப்பேர்ப்பட்டவருக்குக் காப்பிச் சாமான் பட்டறையிலிருந்து கேஸ் வந்தபோது நான் ஒரு நாள் பூராவும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

“வாயாடி, போனைப் பாரு.”

வாயாடி நான்தான். பார்த்தேன். சிக்னல் ஒரு கோடு கூட இல்லை.

“இங்க எடுக்காது மேடம்,” என்றாள் டிசைனர். “இது வாசனை ரூம். காப்பிக் கொட்டையோட மணம் வெளிய போகக்கூடாது, வெளி வாடை உள்ள வரக்கூடாதுன்னு சுவர் முழுக்கத் தகடு அடிச்சிருக்கேன். போனும் போகாது, கத்தினாலும் கேட்காது.”

“வெளியில யாரும் இல்லையா?”

“எல்லாருக்கும் லீவு கொடுத்துட்டேனே. நீங்கதானே மேடம் சொன்னீங்க, இன்னிக்கு யாரும் இருக்க வேண்டாம்னு?”

பாஸ் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். தான் சொன்ன யோசனை தன் காலையே வாரிவிட்டால் அவர் அப்படித்தான் செய்வார்.

இந்த டிசைனர் காப்பிப் பைத்தியங்களுக்காகவே சாமான் செய்கிறவள். சுற்றிலும் அலமாரியில் அவள் கைவேலை. தண்ணீர் கொதித்ததும் உச்சியில் விளக்கு எரிகிற கலங்கரை விளக்கக் கெட்டில். காது வடிவத்தில் பிடி வைத்த கோப்பை. ஆறுதலுக்கு யாரும் இல்லாதவர்கள் அதனிடம் பேசிக்கொள்ளலாமாம். கதவை ஒட்டிய அலமாரியில் ஒரு மரப்பெட்டி. மேலே கொட்டையைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் அரைத்துக்கொண்டே பாட்டுப் பாடும். பாட்டு முடிந்தால் பொடி பதம் என்று கணக்கு. உள்ளே நுழைந்ததும் நான் முதலில் கை வைத்தது அதில்தான். நல்ல சாரீரம்.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு வந்த கஷ்டம் வேறு யாருக்கும் வரக்கூடாது. அவள் உருவாக்கும் ஒவ்வொன்றும், அவள் வெளியிடுவதற்குக் கொஞ்சம் முன்னால், எதிர்க் கம்பெனிக்காரன் பேரில் கடைக்கு வந்துவிடும். தும்பிக்கையால் பால் ஊற்றுகிற யானை ஜாடி அப்படித்தான் போனது. ஊரே அதை வாங்குகிறது. பெட்டியில் வேறொருவன் பேர். இன்னும் ஒன்று போனால் பட்டறையை மூடிவிட்டு எங்கேயாவது சம்பளத்துக்குப் போகிறேன் என்று எங்களிடம் வந்தபோது சொன்னாள். அழாமல் சொன்னாள். அதுதான் என்னை என்னவோ செய்தது.

அந்த இன்னும் ஒன்று, இப்போது அவள் மார்போடு அணைத்துக்கொண்டிருந்த சின்னப் பெட்டிக்குள் இருந்தது. கவிழ்த்த குடை. மடக்கினால் பேனா மாதிரி சட்டைப் பையில் செருகிக்கொள்ளலாம். விரித்தால் உள்ளங்கை அகலத்தில் கம்பி வலைக் குடை. ஒரு தட்டுத் தட்டினால் பெருங்காற்றில் குடை திரும்பிக்கொள்ளுமே, அதுபோல் மேல்நோக்கித் திரும்பிக்கொள்ளும். அதில் காப்பிப் பொடியைப் போட்டு வெந்நீரை ஊற்றினால், வடிந்து கோப்பைக்குள் மழை. திரும்பிய குடை அப்படியே நிற்க உள்ளே ஒரு பூட்டு வேண்டும். பல வருஷமாகப் படிந்து வராத அந்தப் பூட்டு நேற்றுத்தான் படிந்து வந்தது.

இதைப் பதிவு செய்கிற ஆபீஸ் தெருவுக்கு எதிர்ப்பக்கம். யார் முதலில் கொடுக்கிறார்களோ, பொருள் அவர்களுடையது. மதியச் சாப்பாட்டுக்கு மூடிய கவுன்டர் திறந்ததும் இவள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூடப் போவதுதான் எங்கள் வேலை. தெருவைத் தாண்ட ஒரு துப்பறிவாளரா என்று காலையில் நான் பாஸைக் கிண்டல் பண்ணியிருந்தேன்.

இந்த ஏசிக்காரர் நாங்கள் வந்த சற்று நேரத்தில் வந்தவர். “சார் போன் பண்ணியிருந்தார், வாசனை ரூம்ல ஏசி மக்கர் பண்ணுதுன்னு,” என்றார். ரூமும் புழுங்கத்தான் செய்தது. டிசைனர் எங்களுக்குக் குடையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்கு வந்து கதவோரம் நின்றார். அப்புறம்தான் சாத்தினார்.

“பயப்படாதீங்கம்மா,” என்றார் இப்போது, கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து. “நான் பாத்துக்கறேன். நீங்க எல்லாரும் கொஞ்சம் தள்ளி நின்னா போதும்.”

தள்ளி நின்றோம்.

சுவரில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. திறக்காத ஜன்னல். அதில் முகத்தை ஒட்டினால் நேர் கீழே தெரு, எதிரே ஆபீஸின் படிகள், மூடிய கதவு, ஸ்டூலில் காவல்காரர். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். குதித்தேன். சட்டையைக் கழற்றிச் சுழற்றினேன். காவல்காரர் நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்து, அவரும் கையை ஆட்டினார்.

“என்ன சொல்றார்?” என்றார் பாஸ்.

“சௌக்கியமாம்.”

ரூமுக்குள் காற்று கனத்துக்கொண்டே வந்தது. வறுத்த கொட்டையின் மணம் முதலில் சொர்க்கமாக இருந்தது. இப்போது தொண்டையில் கம்பளியைத் திணித்தது போலிருந்தது. ஏசிக்காரர் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார், வேலை முடியாமல் போடக்கூடாதாம். டிசைனர் கண்ணாடியை விட்டு நகரவில்லை. பெட்டியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

“பூட்டு படிஞ்ச விஷயம் யார் யாருக்குத் தெரியும்?” பாஸ் சாதாரணமாகக் கேட்டார்.

“உங்க ரெண்டு பேருக்கும்தான்.”

“வேற?”

“வேற யாருக்கும் தெரியாது மேடம். வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர் வேற, நான் வேறயா?”

“அதானே,” என்றார் பாஸ்.

நான் சும்மா இருந்து பழக்கமில்லாதவன். கதவோரம் போய்ப் பாட்டுப் பெட்டியை எடுத்துச் சுற்றினேன். முதல் வரி பாடியது, ‘கடக்’கென்றது, தொண்டை அடைத்து நின்றது.

“அதை வைங்க தம்பி!” ஏசிக்காரர் விருட்டென்று திரும்பினார். “பழைய சாமான். உடைச்சிடப் போறீங்க.”

“போன வாரம்தான் செஞ்சது,” என்றாள் டிசைனர், ஜன்னலிலிருந்து திரும்பாமலேயே. உடனே அவள் உடம்பு விறைத்தது. “மேடம்! அவன்!”

ஓடினோம். ஆபீஸ் படியில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவன் வந்து உட்கார்ந்திருந்தான். காலை ஆட்டிக்கொண்டு, சொந்த வீட்டு வாசல் மாதிரி.

“என் யானை ஜாடியைத் தன் பேர்ல போட்டுக்கிட்டவன். இன்னிக்கு எதுக்கு இங்க வந்திருக்கான்? அவனுக்கு எப்படித் தெரியும்?”

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆபீஸ் கதவு திறந்தது. குமாஸ்தா ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டே கவுன்டரின் ஷட்டரைத் தூக்கினார். அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. டிசைனர் பெட்டியை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு மறு கையால் கண்ணாடியை அடித்தாள். அதுவும் தெருவுக்குக் கேட்கவில்லை.

“போச்சு,” என்றாள். “இந்தத் தெருதானே மேடம். இங்கிருந்து துப்பினா விழற தூரம். அதைத் தாண்ட முடியலையே!”

இப்போது அழுதாள். எனக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் என் வாயில் நானே அடித்துக்கொண்டிருப்பேன்.

“ஒரு நிமிஷம்,” என்றார் பாஸ். “கவுன்டர் திறந்தாச்சு. அவன் ஏன் எழுந்திருக்கல?”

உண்மைதான். சிவப்புச் சட்டை தெருக்கோடியைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக உட்கார்ந்தே இருந்தான்.

“கையில காகிதம் இல்ல. பூட்டு நேத்துத்தான் படிஞ்சுது. அதை வரைஞ்சு முடிக்க அவனுக்கு நேரம் பத்தல. வரைபடம் இன்னும் வந்துக்கிட்டிருக்கு. அது வர்ற வரைக்கும் நீ வெளிய வரக்கூடாது. இன்னும் ஒண்ணும் போகலம்மா. கண்ணைத் துடை.”

சொல்லிவிட்டு, விருந்துக்கு வந்தவர் மாதிரி சாவகாசமாக நாற்காலியில் உட்கார்ந்தார். “தொண்டை காயுது. யாராவது கொஞ்சம் வெந்நீர் கொடுத்தா புண்ணியமாப் போகும்.”

“பாஸ், நாமே வெந்துகிட்டிருக்கோம். இதுல வெந்நீரா?”

“உன்னைக் கேட்கல. ஏசித் தம்பி, கொஞ்சம் கைக்கு ஓய்வு கொடுங்களேன். அந்தக் கெட்டில்ல போட்டுக் கொடுங்க. உங்களுக்கு வேணும்னா காப்பியும் போட்டுக்கலாம்.”

“காப்பியா? நான் தொடறதே இல்லங்க. வயித்துப் புண். வாழ்க்கையிலேயே போட்டதும் கிடையாது. வெந்நீர் வேணா வைக்கிறேன்.”

எழுந்தார். தண்ணீர் வைத்தார். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் விளக்கு எரிந்தது. காது வைத்த கோப்பையை எடுத்து, கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, கோப்பையின் வயிற்றை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, அந்தத் தண்ணீரைத் தட்டில் கொட்டிவிட்டு, மறுபடி நிறைய ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். சுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

பாஸ் ஒரு வாய் குடித்தார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு சந்தோஷம் தெரிந்தது.

“அருமை. இவ்வளவு மரியாதையா எனக்கு யாரும் வெந்நீர் கொடுத்ததில்ல. தம்பி, கோப்பையை எதுக்குச் சூடு பண்ணீங்க?”

“சூடா? கழுவினேங்க.”

“கழுவறவங்க விரலை விட்டுத் தேய்ப்பாங்க. நீங்க விளிம்பு வரைக்கும் சுழற்றி, சூடு ஏறிடுச்சான்னு கையில வச்சுப் பாத்துட்டுக் கொட்டினீங்க. நாங்க வந்ததும் இந்தப் பொண்ணு வாயாடிக்குக் காப்பி போட்டப்ப அச்சு அசலா இதையேதான் செஞ்சா. எதுக்குன்னு கேட்டேன். சில்லுனு இருக்கிற கோப்பையில ஊத்தினா காப்பி செத்துடும்னா. சரி, காப்பிக்கு அது நியாயம். வெந்நீருக்கு எதுக்குத் தம்பி? வெந்நீர் ஆறினா தண்ணி. அதுக்கு ருசி ஏது, சாவு ஏது?”

ஏசிக்காரர் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

“வாய் பொய் சொல்லும். பழகின கைக்கு அது வராது,” என்றார் பாஸ். “வருஷக்கணக்கா காப்பியிலேயே கிடக்கிற கை இது. எந்த ஏசியிலயும் கிடக்கல.”

“என்னங்க இது, உதவி பண்ண வந்த ஆளைப் போய்...”

“உதவிதான் இடிக்குது. கதவு மாட்டிக்கிட்டா நாலு பேரும் போய் ஆளுக்கு ஒரு உதை விடுவாங்க. இங்க யாருமே கதவுகிட்ட போகல. ஏன்? ஒருத்தர் அதுக்கு முன்னாடி உட்கார்ந்து பாத்துக்கறேன் பாத்துக்கறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். பூட்டை விட அது கெட்டியான பூட்டு. நானும் ஏமாந்துதான் போனேன். சரி, கம்பி உடைஞ்சுதுன்னீங்களே, துண்டு எங்க? பாதி கைப்பிடியில தொங்கணும், பாதி கீழ விழணும். வெறும் ஓட்டைதான் இருக்கு.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“வாயாடி, முதல்ல நல்லாப் பாடின பெட்டிக்கு நடுவுல ஏன் தொண்டை அடைச்சுது?”

பாட்டுப் பெட்டியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தேன். கொட்டைகள் தரையெல்லாம் உருண்டன. அவற்றோடு, ‘ணங்’கென்று, விரல் நீளத்தில் சதுரமாக ஒரு இரும்புக் கம்பி.

“நாம வாயைப் பிளந்துகிட்டு குடையைப் பாத்துட்டிருந்தப்ப, உருவி அதுக்குள்ள போட்டுட்டார்,” என்றார் பாஸ். “அப்புறம்தான் கதவைச் சாத்தினார்.”

ஏசிக்காரர் சுவரோடு சாய்ந்தார். பெரிய வில்லன் மாதிரியெல்லாம் இல்லை. மாட்டிக்கொண்ட பையனின் முழிதான். “நான் அவங்க கம்பெனியில காப்பி ருசி பாக்கிற ஆளுங்க,” என்றார் முனகலாக. “ஆபீஸ் சாத்தற வரைக்கும் கதவை இழுத்தடின்னாங்க. வேற எதுவும் எனக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் ஆனாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ணாங்க.”

நான் கம்பியைக் கைப்பிடிக்குள் செருகித் திருகினேன். கதவு அதே பெருமூச்சோடு திறந்தது. வெளிக்காற்று முகத்தில் பட்டபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

“கிளம்புங்க மேடம்!” என்றேன் டிசைனரிடம். “ஓடினா அவனுக்கு முன்னாடி...”

டிசைனர் நகரவில்லை. ஏசிக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சார் போன் பண்ணியிருந்தார்னீங்க,” என்றாள். “உள்ள வரும்போது. எந்த சார்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது; சொல்ல மனம் வரவில்லை. அவளே பதிலைக் கண்டுபிடித்ததை நான் பார்த்தேன். அதைப் பார்த்திருக்க வேண்டாம் என்று இப்போதும் நினைக்கிறேன். கதவு அகலத் திறந்திருந்தது. அவளோ அந்த ரூமைவிடச் சின்னதான ஏதோ ஒன்றுக்குள் அகப்பட்டவள் மாதிரி, மூச்சு முட்டி நின்றாள்.

“யானை ஜாடியைக் கூட முதல்ல அவர்கிட்டதான் காட்டினேன்,” என்றாள் யாரிடமோ.

கதவு திறந்ததில் சிக்னல் வந்துவிட்டது போலும். அவள் பையில் இருந்த போன் அடித்தது, வெளியே எடுத்தாள். திரையைப் பார்த்தாள். எங்களிடம் திருப்பிக் காட்டினாள். ‘என்னவர்’ என்று போட்டிருந்தது.

“இங்க வந்து பேசும்மா,” என்றார் பாஸ், கண்ணாடிக்குப் பக்கத்திலிருந்து. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஜன்னலுக்கு வந்தாள். எதிர்ப் படியில் சிவப்புச் சட்டைக்குப் பக்கத்தில் இன்னொருவன் நின்றிருந்தான். சாம்பல் நிறச் சட்டை, நன்றாக இஸ்திரி போட்டது. அவன் கையிலும் காகிதம் இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு எங்கள் கட்டிடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் ஓரமாக ஒதுங்கி நின்றோம்.

“அந்தச் சட்டைக்கு நான்தான் காலையில இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்,” என்றாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று நினைத்தபோது எடுத்தாள். கத்தப்போகிறாள் என்று நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

“ஏங்க,” என்றாள். பயந்த குரல், நடுங்கிய குரல். ஆனால் கண் வறண்டு கிடந்தது. “நல்ல வேளை, இப்பதான் துளி சிக்னல் வந்துச்சு. வாசனை ரூம்ல மாட்டிக்கிட்டேங்க. கதவு திறக்கல. மெக்கானிக் இன்னும் ரொம்ப நேரம் ஆகும்னு சொல்றார்... இல்லங்க, வேற யாரும் இல்ல... நீங்க எங்க இருக்கீங்க?... ஓ, வெளியூரா?... சரிங்க. நீங்க பதறாதீங்க. நான் உள்ளதான் இருக்கேன்.”

எதிரே அவன் போனைப் பையில் போட்டான். சிவப்புச் சட்டையிடம் ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். வரைபடம் வரும்வரை இனி அவசரமில்லை. தோளில் கை போட்டுக்கொண்டு, பக்கத்துச் சந்தில் இருந்த கடைக்குக் காப்பி குடிக்க நடந்தார்கள்.

பாஸ் கைப்பிடியிலிருந்து கம்பியை உருவி என்னிடம் கொடுத்தார். “தம்பி, நீங்க இருந்து ஏசியைப் பாருங்க,” என்று அந்த ருசிக்காரரிடம் சொல்லிவிட்டுக் கதவை வெளியிலிருந்து இழுத்தார். அது ‘உஸ்’ஸென்று மூடிக்கொண்டது. இந்தத் தடவை அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

படி இறங்கி, தெருவைத் தாண்டினோம். கூடப் போவதுதானே எங்கள் வேலை. காவல்காரர் என்னைப் பார்த்து மறுபடி கையை ஆட்டினார்.

கவுன்டரில் டிசைனர் பெட்டியைத் திறந்து, குடையை விரித்து, ஒரு தட்டுத் தட்டினாள். அது மேல்நோக்கித் திரும்பி, பூட்டிக்கொண்டு, உறுதியாக நின்றது. குமாஸ்தா அதை ரசித்துப் பார்த்தார்.

“அழகா இருக்கும்மா. யார் பேர்ல பதியணும்? உங்க பேர்லயா, வீட்டுக்காரர் பேரும் சேர்த்தா? போன தடவை விசாரிக்க வந்தப்ப ரெண்டு பேர்னு சொன்னீங்களே.”

அவள் சந்துப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“என் பேர்ல மட்டும்,” என்றாள்.